எந்த ஆண்டின் நீர்? புல்வெளிக் குட்டைகளின் பழைய வரைபடங்கள் குறித்து வாசகர் கேள்விகள்

வட அமெரிக்காவின் வடக்குப் புல்வெளியில் சிதறிக் கிடக்கும் குட்டைகளையும் சதுப்புகளையும் பழைய தலப்படங்கள் எவ்வாறு பதிவு செய்தன என்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் விடை எழுதுகிறேன். தலப்படம் என்று இங்கே குறிப்பிடுவது, சமஉயரக் கோடுகளால் நிலத்தின் மேடுபள்ளத்தையும், அதனுடன் நீர்நிலை, சாலை, குடியிருப்பு ஆகியவற்றையும் காட்டும் வரைபடத் தாளை. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: புல்வெளி என்றால் தட்டையான நிலம்தானே? அதை வரைபடமாக்குவதில் என்ன சிரமம் இருந்திருக்க முடியும்?

பதில்: தட்டையான நிலம் என்ற எண்ணம் ரெட் ஆற்றின் பள்ளத்தாக்குக்கு முழுமையாகப் பொருந்தும். அகாசி என்ற பனிக்காலப் பேரேரியின் அடித்தரையாக இருந்து பின்னர் வெளிப்பட்ட நிலம் அது. ஆனால் அதற்கு மேற்கே வடக்கு டகோட்டாவின் உட்பகுதிக்குள் செல்லச் செல்ல நிலத்தின் தன்மை மாறிவிடுகிறது. மிசூரி கோட்டோ எனப்படும் மேட்டுநிலத்தில் சிறு குன்றுகளும் அவற்றுக்கிடையே குழிகளும் ஒழுங்கின்றி நெருக்கமாக அமைந்திருக்கின்றன. ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்படலம் வடக்கு நோக்கிப் பின்வாங்கியபோது, அது கொண்டுவந்து கொட்டிய மண்ணுக்கும் கல்லுக்கும் அடியில் பெரும் பனிக்கட்டிகள் புதைந்து போயின. அவை பின்னர் மெல்ல உருகியபோது மேலிருந்த மண் அமிழ்ந்து, ஆயிரமாயிரம் குழிகள் உண்டாயின. அயோவா, மினசோட்டா, இரு டகோட்டாக்கள், மொன்டானா ஆகிய மாநிலங்களிலும், கனடாவின் மானிடோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா மாகாணங்களிலுமாக ஏறத்தாழ 7 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இந்தக் குழிநிலம் பரவியிருக்கிறது. நிலவியலாளர்கள் இதனைப் புல்வெளிப் பள்ளப் பகுதி என்ற பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர்.

நிலவியல் கணக்கில் இது மிகவும் இளைய நிலம் என்பதால், ஆறுகளும் ஓடைகளும் அறுத்து வடிகால் அமைக்க இன்னும் காலம் போதவில்லை. பெரும்பாலான குழிகளுக்கு வெளியேறும் வாயே கிடையாது. பனி உருகும் நீரும் வசந்தகால மழையும் அவற்றில் தேங்கும், கோடையில் ஆவியாகும், ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும். ஆவியாகப் போகும் நீரின் அளவு மழையாக வரும் நீரைவிடப் பொதுவாக அதிகம் என்பதால், ஏப்ரலில் முழங்கால் அளவு நீர் நின்ற குட்டை ஆகஸ்டில் புல் முளைத்த மண்ணாகக் கிடப்பது வழக்கம். மலையை வரைபவருக்கு, அடுத்த ஆண்டு வந்தாலும் மலை அங்கேயே இருக்கும் என்ற உறுதி உண்டு. இந்த நிலத்தை வரைபவருக்கு அந்த உறுதி கிடையாது. சிரமம் முழுவதும் இங்கிருந்தே தொடங்குகிறது.

கேள்வி: இந்தப் பகுதியை முதலில் அளந்து வரைந்தவர்கள் யார்?

பதில்: அங்கே காலங்காலமாக வாழ்ந்த டகோட்டா மக்களும் பிற பழங்குடியினரும் நீர்நிலைகளின் இருப்பிடத்தையும் இயல்பையும் நன்கு அறிந்திருந்தார்கள், பெயரும் இட்டிருந்தார்கள். கருவிகளால் அளந்து வரைந்தவர்களில் முதலிடம் தரவேண்டியவர், பிரான்ஸிலிருந்து வந்த வானியலாளர் ஜோசப் நிக்கொலே என்பது என் கருத்து. அவர் 1836ஆம் ஆண்டு மிசிசிப்பியின் தலைப்பகுதிக்கும், 1838, 1839 ஆண்டுகளில் அதற்கு மேற்கேயுள்ள புல்வெளிக்கும் பயணம் செய்தார். பிந்தைய இரு பயணங்களில் இளைஞரான ஜான் ஃப்ரெமான்ட் அவருக்கு உதவியாளராக இருந்தார். விண்மீன்களைக் கொண்டு அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றையும், காற்றழுத்தமானியைக் கொண்டு உயரங்களையும் கணித்த நிக்கொலே, தாம் கேட்டறிந்த பழங்குடிப் பெயர்களையும் கவனமாக எழுதிக்கொண்டார். 1843இல் வெளியான அவருடைய வரைபடத்தில், உண்மையாக அளக்கப்பட்ட இடங்களின் அடர்த்தியைப் பார்க்கும்போது, அந்த மனிதரின் உழைப்பின்மீது பெரும் மதிப்பு தோன்றுகிறது.

இருப்பினும், ஒவ்வொரு குட்டைக்கும் அருகில் வந்த முதல் அளவை என்றால் அது அரசு நிலப்பகிர்வுக்காகச் செய்த அளவைதான். 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம் வகுத்த முறைப்படி, நிலம் ஆறு மைல் சதுரமான வட்டகைகளாகவும், ஒவ்வொரு வட்டகையும் ஒரு மைல் சதுரமான 36 பிரிவுகளாகவும் பிரிக்கப்பட்டது. ஒரு பிரிவு 640 ஏக்கர் கொண்டது. 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின்படி ஒரு குடும்பம் கோரக்கூடிய 160 ஏக்கர் என்பது அதில் கால்பங்கு. 66 அடி நீளமுள்ள சங்கிலியை 80 முறை நீட்டினால் ஒரு மைல் ஆகும். அளவையர்கள் அந்தச் சங்கிலியை இழுத்தவாறு பிரிவுக் கோடுகளின்மேல் நடந்து, எத்தனையாவது சங்கிலியில் குட்டைக்குள் இறங்கினோம், எத்தனையாவதில் கரையேறினோம் என்பதைக் குறிப்பேட்டில் எழுதினார்கள். மண் முதல் தரமா இரண்டாம் தரமா என்றும் குறித்தார்கள். காட்டுப் பகுதியில் பிரிவு மூலையை அருகிலுள்ள மரத்தில் வெட்டிக் குறிப்பார்கள். மரமே இல்லாத இந்த வெளியில் குழி தோண்டி, மண்மேடு எழுப்பி, சிலபோது அடியில் கரித்துண்டுகளைப் புதைத்து வைத்தார்கள்.

இந்தக் குறிப்பேடுகளுக்கு ஒரு பெருஞ்சிறப்பும் ஒரு பெருங்குறையும் உண்டு. எந்த ஆண்டு, எந்த மாதம் அந்தக் கோட்டில் நடந்தார்கள் என்பது அவற்றில் பதிவாகியிருப்பது சிறப்பு. கோட்டுக்கு வெளியே, பிரிவின் நடுவில் இருந்த குட்டையை அவர்கள் காணவில்லை, அல்லது தொலைவிலிருந்து பார்த்துக் கண்ணளவில் வரைந்தார்கள் என்பது குறை. ஆகவே அன்றைய வட்டகைப் படத்தில் சதுரத்தின் நடுப்பகுதி வெறுமையாக இருந்தால், அங்கே நீர் இல்லை என்று முடிவு கட்டுவது தவறு. அங்கே யாரும் நடக்கவில்லை என்பது மட்டுமே அதிலிருந்து தெரிகிறது. போதிய அளவு பெரிய ஏரிகளுக்கு மட்டும் கரையோரமாக நேர்கோட்டுத் துண்டுகளாக அளந்து சென்றார்கள். அதன் நோக்கமும், விற்பதற்கு அல்லது வழங்குவதற்கு எத்தனை ஏக்கர் உலர்நிலம் எஞ்சுகிறது என்று கணக்கிடுவதாகவே இருந்தது.

கேள்வி: சமஉயரக் கோடுகள் கொண்ட தாள்கள் எப்போது வந்தன? அவற்றிலாவது எல்லாக் குட்டைகளும் உள்ளனவா?

பதில்: அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 1879இல் தொடங்கப்பட்டது. அதன் இரண்டாம் இயக்குநரான ஜான் வெஸ்லி பவலின் முயற்சியால் 1884இல் நாடு முழுவதையும் தலப்படமாக்கும் பணிக்கு நாடாளுமன்றத்தின் இசைவு கிடைத்தது. தொடக்கத்தில் 1:250,000, 1:125,000, 1:62,500 ஆகிய அளவைகளில் (தாளில் ஒரு பங்கு, நிலத்தில் அத்தனை பங்கு) தாள்கள் வெளிவந்தன. செப்புத் தகடுகளில் செதுக்கி, நீர்நிலைகளை நீலத்திலும், உயரக் கோடுகளைப் பழுப்பிலும், மனிதர் அமைத்தவற்றைக் கறுப்பிலும் அச்சிட்டார்கள். களத்தில் முக்காலியின்மேல் வரைபலகையைப் பொருத்தி, தொலைநோக்கி இணைந்த அளவுகோலால் திசையையும் தொலைவையும் பார்த்து, அங்கேயே நின்று தாளில் வரைந்தார்கள். சில புள்ளிகளை மட்டும் அளந்துவிட்டு, இடைப்பட்ட நிலத்தின் வளைவைக் கண்ணால் கண்டு கோடாக இழுக்கும் அந்தத் திறமை பல ஆண்டுப் பழக்கத்தில் வருவது. பழைய தாள்களில் குன்றுகளின் வடிவம் உயிரோட்டமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

எல்லாக் குட்டைகளும் அவற்றில் இல்லை, இருக்கவும் முடியாது. அரை ஏக்கர் பரப்புள்ள குட்டையின் அகலம் ஏறத்தாழ 45 மீட்டர். 1:125,000 அளவைத் தாளில் அது மில்லிமீட்டரின் மூன்றில் ஒரு பங்கு, 1:62,500 தாளில் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. செதுக்குபவரின் ஊசிமுனையே ஏறத்தாழ அவ்வளவுதான். இந்தப் பகுதியின் குட்டைகளில் பெரும்பாலானவை இப்படிச் சிறியவையாக இருப்பதால், பழைய தாளில் தெரிவது பெரியவற்றின் கூட்டம் மட்டுமே.

உயரக் கோடுகளிலும் இதே இடர்ப்பாடு உண்டு. இரண்டு கோடுகளுக்கு இடையே 20 அடி உயர வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், மூன்றடி ஆழமுள்ள பள்ளம் அந்த இடைவெளிக்குள் முழுவதுமாக மறைந்துவிடும். நாட்டுக்கென்று வரைபடத் துல்லிய விதிகள் 1941இல் வகுக்கப்பட்டு 1947இல் திருத்தப்பட்டன. சோதித்துப் பார்த்த புள்ளிகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், கோட்டு இடைவெளியில் பாதிக்கும் கூடுதலாக உயரத்தில் பிழைபடக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. 10 அடி இடைவெளி கொண்ட தாளில் இதன் பொருள் ஐந்தடி. மூன்றடிப் பள்ளம் அனுமதிக்கப்பட்ட பிழையைவிடச் சிறியது. விதியை நேர்மையாகப் பின்பற்றி வரைந்த தாளிலேயே அது இல்லாமற்போகலாம் என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

கேள்வி: ஒரே இடத்தின் இரண்டு தாள்களை இணையத்திலிருந்து பதிவிறக்கி ஒப்பிட்டேன். பழைய தாளில் நல்ல பெரிய ஏரி இருக்கிறது. புதிய தாளில் அது கோடுபோட்ட நிழலாக மாறி, அருகிலிருந்த ஐந்தாறு குட்டைகள் காணாமற்போய்விட்டன. எந்தத் தாள் தவறு?

பதில்: இந்த மாதம் வந்த கேள்விகளில் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது இதுதான். இரண்டு தாள்களும் சரியாக இருக்கக்கூடும். ஒவ்வொன்றும் தன் நாளின் நீரைக் காட்டுகிறது.

இந்தப் புல்வெளியின் தட்பவெப்பம் சில ஆண்டுகள் மழை, சில ஆண்டுகள் வறட்சி என்று மாறிமாறிச் சுழல்வது. 1930களின் கடும் வறட்சியும், 1988இல் தொடங்கி 1992 வரை நீடித்த வறட்சியும், 1993 முதல் தொடர்ந்த பெருமழை ஆண்டுகளும் அங்கே எல்லோருக்கும் தெரிந்தவை. வறட்சியின் இறுதியில் எடுத்த வான்படத்தைக் கொண்டு வரைந்த தாளும், மழை ஆண்டின் மே மாதத்தில் எடுத்த படத்தைக் கொண்டு வரைந்த தாளும் ஒரே ஊரின் தாள்கள்தானா என்று ஐயம் எழும் அளவுக்கு வேறுபடும். ஒரே ஆண்டுக்குள்ளேயே மே மாதத்துக்கும் செப்டம்பருக்கும் இடையில் பெரும் வேறுபாடு உண்டு. அதனால் எந்தத் தாளையும் எடுத்தவுடன் நீலத்தைப் பார்க்காமல் முதலில் ஓரக் குறிப்பைப் படிக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தைய தாள்களின் கீழ் ஓரத்தில் வான்படம் எடுத்த ஆண்டு, களத்தில் சரிபார்த்த ஆண்டு, பதிப்பு ஆண்டு ஆகியவை தனித்தனியே இருக்கும். பெரிய எழுத்தில் இருக்கும் பதிப்பு ஆண்டை மட்டும் பார்த்து, அந்த ஆண்டின் நீர் இது என்று எடுத்துக்கொள்வதே மிகப் பரவலான தவறு. நீரின் எல்லை பெரும்பாலும் வான்படம் எடுத்த நாளுக்கு உரியது. பதிப்புக்கும் அந்த நாளுக்கும் இடையே சில ஆண்டுகள் கழிந்திருக்கலாம்.

பின்னாளில் ஊதா நிறத்தில் திருத்தங்கள் அச்சிட்ட தாள்களில் இன்னொரு நுட்பம் உண்டு. புதிய வான்படங்களைப் பார்த்துச் சாலை, கட்டடம், நீர்த்தேக்கம் போன்றவற்றை ஊதாவில் சேர்த்தார்கள். அவை களத்தில் சரிபார்க்கப்படவில்லை என்று தாளிலேயே எழுதியிருக்கும். உயரக் கோடுகள் பழைய பதிப்பில் இருந்தவாறே விடப்பட்டன. எனவே ஒரே தாளில் இரு வேறு காலத்து நீர் அருகருகே நிற்கும்.

அறிவியலாளர்களும் இதே சிக்கலை எதிர்கொண்டார்கள். ராபர்ட் ஸ்டூவர்ட், ஹரால்ட் கான்ட்ரட் என்ற இரு ஆய்வாளர்கள் 1971இல் வெளியிட்ட வகைப்பாடு அதற்கு ஓர் அழகான விடையைத் தந்தது. அன்று கண்ணுக்குத் தெரியும் நீரைக் கொண்டு குட்டையை வகைப்படுத்தாமல், அதன் நடுப்பகுதியில் வளரும் செடிகொடிகளைக் கொண்டு வகைப்படுத்தினார்கள். சில நாட்கள் மட்டும் நீர் நிற்கும் பள்ளத்தில் ஒருவகைப் புல், கோடை நடுவரை நிற்பதில் வேறொரு கோரை, ஏறத்தாழ ஆண்டு முழுவதும் நிற்பதில் சம்பு என்று தாவரம் பல ஆண்டுகளின் நீர்நிலையைத் தன்னுள் சேர்த்து வைத்திருக்கிறது. நீர் வற்றிய நாளில் போய்ப் பார்த்தாலும் குட்டையின் இயல்பு புரிந்துவிடும். தலப்படம் வரைந்தவர்களுக்கு இந்த வசதி இருக்கவில்லை. அவர்கள் பணி நிலத்தின் வடிவத்தைக் காட்டுவது, தாவரத்தை ஆராய்வது அன்று.

கேள்வி: நீலச் சாய்கோடுகள், புல் போன்ற சிறு குறிகள், உட்பக்கம் பல் வைத்த பழுப்பு வளையங்கள் ஆகியவற்றின் பொருள் என்ன?

பதில்: தொடர்கோட்டுக் கரையும் வெளிர்நீல நிரப்பும் இருந்தால் ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் ஏரி. விட்டுவிட்ட கரைக்கோடும் உள்ளே நீலச் சாய்கோடுகளும் இருந்தால் வற்றி நிறையும் ஏரி. நீலத்தில் சிறு புல் கற்றைகள் இருந்தால் சதுப்பு. உட்பக்கம் பல் வைத்த பழுப்பு வளையம், அந்தக் கோட்டுக்குள் நிலம் தாழ்ந்து செல்கிறது, வெளியேறும் வழி இல்லை என்பதைக் காட்டும்.

இவற்றுள் கடைசிக் குறிக்குத்தான் நான் மிகுந்த மதிப்புத் தருவேன். நீலம் பருவத்தோடு மாறுவது. பல் வைத்த வளையமோ நிலத்தின் வடிவைச் சொல்வது. வளையத்துக்குள் நீலமே இல்லாவிட்டாலும் அங்கே நீரைத் தாங்கக்கூடிய கிண்ணம் ஒன்று உண்டு என்று அது தெரிவிக்கிறது. வறட்சிக்காலத் தாளில் நீர் இல்லாத வளையங்களை எண்ணிப் பார்த்தால், மழைக்காலத்தில் அந்த நிலம் எப்படி இருந்திருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

கேள்வி: பழைய தாளையும் புதிய தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எத்தனை ஏக்கர் சதுப்பு அழிந்தது என்று கணக்கிடலாமா?

பதில்: நேரடியாகக் கழித்துப் பார்ப்பது பெரும் பிழைக்கு வழிவகுக்கும். வரைபட அளவை மாறியிருக்கும், நீரின் பருவம் மாறியிருக்கும், எந்த அளவுக்குக் கீழ் உள்ள குட்டையை விட்டுவிடுவது என்ற விதியும் மாறியிருக்கும். தாள்களின் ஆயத்தொலைவுச் சட்டகமும், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கணக்கிடும் அடிப்படையும், வேறு. 1927ஆம் ஆண்டுச் சட்டகத்தில் வரைந்த தாளை 1983ஆம் ஆண்டுச் சட்டகத்துக்கு மாற்றாமல் ஒப்பிட்டால், இந்தப் பகுதியில் எல்லாமே சில பத்து மீட்டர் நகர்ந்து தெரியும். சிறு குட்டைக்கு அது தன் முழு அகலம்.

அழிவு நேர்ந்தது உண்மை என்பதில் ஐயமில்லை. 1780களிலிருந்து 1980கள் வரையிலான இழப்பைப் பற்றி மீன் மற்றும் வனவிலங்குத் துறை 1990இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அயோவா தன் ஈரநிலங்களில் 89 விழுக்காட்டையும், வடக்கு டகோட்டா 49 விழுக்காட்டையும், மினசோட்டா 42 விழுக்காட்டையும், தெற்கு டகோட்டா 35 விழுக்காட்டையும் இழந்திருந்தன. உழவுக்காக நீரை வடித்ததே முதன்மைக் காரணம். அந்தக் கதையின் ஒரு பாதியைத் தலப்படம் காட்டும். இயற்கை ஓடை வளைந்து செல்லும், மனிதர் வெட்டிய வாய்க்கால் பிரிவுக் கோட்டை ஒட்டி நேராக ஓடும். புதிய தாளில் நேரான நீலக்கோடு ஒன்று தோன்றி, பழைய தாளில் அதன் தொடக்கத்தில் சதுப்புக் குறி இருந்தால், நடந்தது என்ன என்று சொல்லத் தேவையில்லை. மறுபாதியைத் தலப்படம் காட்டாது. நிலத்துக்கு அடியில் புதைத்த வடிகுழாய்கள் எந்தத் தாளிலும் நீலக்கோடாக வருவதில்லை. மேலே வயல், கீழே குழாய், குட்டை மட்டும் இல்லை.

சிறிய குட்டைகள்தான் முதலில் அழிந்தன, அவைதான் பழைய தாள்களில் இடம்பெறாதவை. இந்த இரண்டும் ஒன்றுசேர்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஆழமில்லாத அந்தக் குட்டைகள் வசந்தத்தில் முதலில் சூடேறி, பூச்சிகளும் சிறு உயிர்களும் பெருகி, தெற்கிலிருந்து திரும்பிவரும் வாத்துகளுக்கு முதல் உணவைத் தருகின்றன. வட அமெரிக்க வாத்துகளில் பாதிக்குக் குறையாத பங்கு இந்தப் பகுதியில்தான் குஞ்சு பொரிக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். வரைபடத்தில் ஒருமுறைகூடப் பதிவாகாத நீர் மறைந்தால், மறைந்தது என்று காட்டுவதற்கும் தாள் இருக்காது. நிலப்பகிர்வு அளவையரின் குறிப்பேடு, 1930களின் பிற்பகுதியிலிருந்து வேளாண்மைத் துறை எடுத்த வான்படங்கள், நீர் தேங்கிய மண்ணைப் பிரித்துக் காட்டும் மண்வகைப் படங்கள் ஆகியவற்றையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த இடைவெளி ஓரளவு நிரம்பும். 1970களில் தொடங்கிய தேசிய ஈரநிலக் கணக்கெடுப்பு, ஈரநிலத்தையே இலக்காகக் கொண்டு வரையப்பட்டது என்பதால் தலப்படத்தைவிட இதற்கு ஏற்றது. ஆனால் அதன் தொடக்கமே பெரும்பகுதி அழிந்தபின்னர்தான்.

கேள்வி: பழைய சமஉயரக் கோடுகளால் நடைமுறையில் ஏதேனும் பயன் விளைந்ததுண்டா?

பதில்: வடக்கு டகோட்டாவின் டெவில்ஸ் ஏரியைச் சொல்லலாம். சாதாரண ஆண்டுகளில் நீர் வெளியேற வழியற்ற, ஏறத்தாழ 3,800 சதுர மைல் பரப்புள்ள வடிநிலத்தின் அடியில் இருக்கிறது அந்த ஏரி. 1867இல் அதன் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,438 அடியாக இருந்தது. பிறகு குறைந்துகொண்டே வந்து 1940இல் 1,401 அடிக்கு இறங்கியது. அந்நாளில் பார்த்தவர்களுக்கு அது வற்றிக்கொண்டிருக்கும் உவர்க்குட்டையாகத் தோன்றியிருக்கும். 1993இல் தொடங்கிய மழை ஆண்டுகளில் அது விடாமல் ஏறி, 2011 ஜூனில் 1,454 அடியைத் தொட்டது. 71 ஆண்டுகளில் 53 அடி ஏற்றம். சாலைகளை மீண்டும் மீண்டும் உயர்த்தினார்கள், பண்ணைகளும் வீடுகளும் நீரில் மூழ்கின, மினிவாக்கன் ஊரின் விளிம்புவரை நீர் வந்தது.

இப்போது ஒரு பழைய தாளை எண்ணிப் பாருங்கள். ஏரியின் நீலம் எங்கோ தாழ்ந்து நிற்க, வயல்களுக்கு நடுவே 1,450 என்ற எண்ணோடு ஒரு பழுப்புக் கோடு வளைந்து செல்லும். அது வெறும் உயரத்தைக் குறிக்கும் கோடாகவே அன்று தெரிந்தது. 2011இல் அந்தக் கோடு நீருக்கடியில் இருந்தது. அடைபட்ட வடிநிலத்தில் ஒவ்வொரு பழுப்புக் கோடும், நீர் என்றோ நின்ற அல்லது என்றோ நிற்கப்போகும் கரை. ஏறத்தாழ 1,458 அடியில் நீர் இயல்பாகவே வழிந்து ஷையென் ஆற்றுக்குள் இறங்கும் என்பதையும் நிலத்தின் உயர அளவுகளே முன்கூட்டிச் சொல்லின. இத்தகைய ஒப்பீட்டில் ஒரு கவனம் தேவை. பழைய தாள்கள் 1929ஆம் ஆண்டின் உயர ஆதாரத்தையும் (உயரங்களை எண்ணத் தொடங்கும் அடிப்படை மட்டத்தையும்), இன்றைய அளவுகள் பெரும்பாலும் 1988ஆம் ஆண்டின் ஆதாரத்தையும் பின்பற்றுகின்றன. அடிக்கணக்கில் பேசும் நிலத்தில் அந்த வேறுபாட்டைச் சரிசெய்யாமல் விடக் கூடாது.

கேள்வி: அந்த ஏரிக்குப் ‘பிசாசின் ஏரி’ என்று பொருள்படும் பெயர் எப்படி வந்தது?

பதில்: டகோட்டா மக்கள் அதனை ‘மினி வாகன்’ என்றார்கள். புனிதமான நீர், ஆவி உறையும் நீர் என்பது அதன் பொருள். குடியேறியவர்கள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு மொழிபெயர்த்த பெயரே தாள்களில் நிலைத்துவிட்டது. ஏரிக்கரையில் வாழும் டகோட்டா மக்களின் நாடு இன்று ஆவி ஏரி என்று பொருள்படும் பெயரைத் தாங்குகிறது. மினிவாக்கன் என்ற ஊர்ப்பெயரில் பழைய ஒலி இன்னும் எஞ்சியிருக்கிறது.

கேள்வி: எல்லைக்கு அப்பால் கனடாவிலும் இதே முறைதானா?

பதில்: சட்டகம் ஏறத்தாழ அதுவே. 1871இல் மானிடோபாவில் தொடங்கிய அரசு நில அளவையும் ஆறு மைல் சதுரம், 36 பிரிவுகள் என்ற அமைப்பையே கொண்டது. ஆனால் அமெரிக்காவில் பிரிவு எண் வடகிழக்கு மூலையிலிருந்து தொடங்கும், கனடாவில் தென்கிழக்கு மூலையிலிருந்து. எல்லையின் இருபுறத்துத் தாள்களையும் படிப்பவர்கள் இதில் தடுமாறுவதுண்டு. ஓர் அங்குலத்துக்கு மூன்று மைல் என்ற அளவையில் 1890களிலிருந்து வெளியான பிரிவு வரைபடங்கள் நிலப்பகிர்வுக்காகவே உருவானவை. 1:50,000 அளவைத் தேசியத் தாள்கள் அவற்றுக்குப் பின்னர் வந்தவை.

கேள்வி: இன்று விமானத்திலிருந்து லேசர் கற்றை வீசி நிலத்தை அளக்கும் லைடார் வந்துவிட்டது. இனிப் பழைய தாள்களால் என்ன பயன்?

பதில்: நிலத்தின் உயரத்தை அறிவதில் லைடாருக்கு இணையான முறை முன்பு இருந்ததில்லை. ரெட் ஆற்றின் வடிநிலம் முழுவதையும் 2008ஆம் ஆண்டு முதல் இவ்வாறு அளந்தார்கள். மூன்றடிப் பள்ளம் மட்டுமின்றி, ஓரடிப் பள்ளமும் அதில் தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்காவின் 1:24,000 தாள்கள் 1947 முதல் 1992 வரை 45 ஆண்டுகள் உழைத்து முடித்த பணி. அந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள் காட்டாத குட்டைகளை இன்று ஒரு கணினித் திரையில் எண்ணிவிடலாம். இதைக் கண்டு நான் மகிழ்கிறேன்.

ஆனால் நிலத்தை அளக்கப் பொதுவாகப் பயன்படும் லேசரின் அலைநீளம் நீருக்குள் ஊடுருவாது. நீர் நிற்கும் குழியின் மேற்பரப்பை மட்டும் அது தட்டையான பலகைபோலக் காட்டும், அடித்தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லாது. 1993க்குப் பிந்தைய மழை ஆண்டுகளில் குழிகள் நிரம்பிக் கிடந்தபோது பறந்த விமானம், எண்ணற்ற குட்டைகளின் அடியைக் காணவில்லை. குட்டை எவ்வளவு நீரைத் தாங்கும், எப்போது வழிந்து அடுத்த குட்டைக்குள் செல்லும் என்று கணக்கிட முயல்பவருக்கு அந்த அடித்தரை தெரிந்தாக வேண்டும். அதற்குப் படகில் சென்று ஆழம் பார்க்கலாம். ஓர் ஏரிக்கு அது இயலும், பல்லாயிரம் குட்டைகளுக்கு இயலாது. வறட்சிக் காலத்தில் ஓர் அளவையர் வரைபலகையைத் தோளில் சுமந்து, வெடித்துக் கிடந்த ஏரித்தரையின்மேல் நடந்து, அதன் நடுவே ஓர் உயர எண்ணையும் இரண்டு பல் வைத்த வளையங்களையும் குறித்துச் சென்றிருந்தால், இன்று பத்தடி நீருக்குக் கீழே இருக்கும் தரையின் வடிவத்துக்கு அந்தத் தாள் சான்றாக நிற்கிறது. அத்தகைய தாள்களைத் தேடும்போது, கள அளவை நடந்த ஆண்டு 1930களில் விழுகிறதா என்று முதலில் பாருங்கள்.